கலம்

ஓட்டமாவடியில் லாபிர் பழைய இரும்பு எடுப்பவன்.
கடை வாசலில் பலகை:
செல் கோது, ராக்கெட் வால், என்னவென்று தெரியாத சாமான்
கொண்டுவர வேண்டாம்.
அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்துதான்
அலுமினியக் குழாய் இரண்டு எனக்கு அளந்து வெட்டினான்,
ஐம்பத்துமூன்று சென்ரிமீற்றர், கிலோக் கணக்கில் காசு.
"என்னத்துக்கு அக்கா?"
"வானம் பறையிறதக் கேக்க."
மீதிச் சில்லறைக்கு இரண்டு ஆணி தந்தான்.

நாசிவன்தீவில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்,
தவளைக் காலாய் விரித்துக் கட்டினேன்.
காலை ஏழு இருபதுக்கு எழும்பும்
பதினைந்தாம் இலக்கச் செய்மதி.
டிக் டொக், டிக் டொக்,
விநாடிக்கு இரண்டு கோடு.
இடது காது தொண்ணூறில் போனது.
எங்கிருந்தோ வந்த ஒன்று;
அதற்கும் யாரோ கணக்குப் போட்டிருப்பான்.
வலது காதை வைத்துக் கேட்பேன்.
பன்னிரண்டு நிமிடத்தில் மடிக்கணினியில்
வங்காள விரிகுடா சாம்பலாய் விரியும்.
வாவி அதில் ஒரு மயிரிழை.
பாலம் தெரியாது.
பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கமும் தெரியாது.
முகில் சுருண்டு கிடந்தால் தவேந்திரனுக்குச் சொல்வேன்:
"இண்டைக்குத் தோணி இறக்க ஒண்ணா."

கரண்டில்லாத மழை இரவொன்றில்
கைத்தொலைபேசியில் வாசித்தேன்,
அந்தச் செய்மதியைத் தூக்கிப் போனது
யாரென்று.

நீ.

அறுபதுகளில் பிறந்தவனாம்.
புல்வெளிக்குக் கீழே கொங்கிறீற்றுக் கிணறு,
வயிறு நிறைய நஞ்சு, நின்றபடி இருப்பு.
பக்கத்து அறையில் இரண்டு பேர், இரண்டு சாவி,
ஒரே கணத்தில் திருப்ப வேண்டும்.
திருப்பு என்று யாரும் சொல்லவில்லை.
முறை மாறினார்கள், கோப்பி குடித்தார்கள், கல்யாணம் முடித்தார்கள்.
எழுபத்தெட்டு கார்த்திகையில்
எங்கள் தென்னைகள் தலை முறிந்து படுத்த இரவும்
நீ நின்றாய்,
ஏதோ ஒரு நகரத்தின் பேரை உச்சியில் வைத்துக்கொண்டு.
எனக்கு ஆறு வயது, கட்டிலுக்குக் கீழே.
என்ன வருகிறதென்று சொல்ல
ஒரு கோடு போட்ட படமும் எங்களுக்கு வரவில்லை.

மறுகா நீ காலாவதி.
தலையைக் கழற்றினார்கள்.
கழுத்துக்குக் கீழே அதே உடம்பு, அதே நஞ்சு.
விழும் இடத்தைக் கணக்கிட்ட கூட்டம்
விழாமலிருக்கும் வேகத்தைக் கணக்கிட்டது.
அதுவும் சரியில்லை:
சுற்றுவதென்றால்
விழுந்துகொண்டே தரையைத் தவறவிடுவது.
தமிழில் இன்னும் சுகம்.
ஏவுகணையில் கணையை உருவிவிட்டுக்
கலத்தைச் செருகினால் ஏவுகலம்.
கலம் என்றால் தோணி.
கலம் என்றால் சோறு போடுகிற பாத்திரமும்தான்.
இரண்டு நாள் இந்தச் சந்தோசத்தில் திரிந்தேன்.

லாபிரிடம் சொன்னேன்.
தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"முப்பது வருசத்துக்கு மேல கிடந்த சாமான்,
பத்த வச்சதும் போச்சா?"
"போச்சு."
"பிழைக்காம?"
"பிழைக்காம."
"அப்ப கிணத்துக்குள்ள நிக்கிற மத்ததுகளும்
போகும்தானே, அக்கா."

லொறி ஒன்று வந்தது. அவன் எழும்பிப் போனான்.
நான் பலகையைத் திரும்ப வாசித்தேன்.

போன ஆவணியில் பதினைந்தாம் இலக்கத்தை
அணைத்துவிட்டார்கள்.
ஏழு இருபதுக்கு இரைச்சல் மட்டும்,
நண்டு பொரியும் சட்டி மாதிரி.
குரலில்லாமல் இன்னும் சுற்றுகிறது;
நேரம் பிசகாமல் என் கூரைக்கு மேலால் போகும்.
எழும்பி நின்று பார்ப்பேன்,
தெரியாது.

தவேந்திரன் கேற்றடியில்:
"என்ன கா, இறக்கலாமா?"

"பொறு" என்றேன்.
குழாயை வேறொரு செய்மதிக்குத் திருப்பியிருக்கிறேன்.
படம் தெளிவு. கரையோரத்து அலைகூட வருகிறது.
அதை ஏற்றிப்போனது எதுவென்று
இன்னும் தேடவில்லை.